கண்ணை அளக்கும் கருவியை எந்தக் கண் அளக்கிறது?

கண்ணாடிக் கடையில் அந்தக் கருவியின் முன் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டியதும் உள்ளே ஒரு படம் தெரியும். ஆளில்லாத நேர்ச்சாலை, இரு பக்கமும் பச்சை, சாலை முடியும் இடத்தில் வண்ண வண்ணமாய் ஒரு பலூன். “பலூனையே பாருங்க, ஆடாதீங்க” என்பார் கடை ஊழியர். பலூன் மங்கும், தெளியும், மறுபடி மங்கும். சில விநாடிகளில், கடை ரசீது போல ஒரு சிறு காகிதம் கருவியிலிருந்து வெளியே வரும். அதில் உங்கள் கண்ணின் எண்கள் இருக்கும்.

அந்தக் காகிதத்தை நாம் அப்படியே நம்புகிறோம். ஈரச்சந்தையில் மீன் வாங்கும்போது தராசின் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீனை வைக்கச் சொல்கிறோம். கண்ணை அளக்கும் கருவியின் பூஜ்யம் எங்கே நிற்கிறது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அதே மேசையின் இழுப்பறையில்தான் கிடக்கிறது. கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புக் குழல். கருவியோடு தயாரிப்பாளரே கொடுத்து அனுப்பும் பொருள். அதற்குப் பெயர் மாதிரிக் கண்.

விபத்திலோ நோயிலோ கண்ணை இழந்தவர்களுக்குப் பொருத்தும் செயற்கைக் கண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எதிரே இருப்பவர் பார்வைக்குக் கண்ணாகத் தெரிந்தால் போதும். ஒளியை வளைக்க வேண்டியதில்லை. மாதிரிக் கண் இதற்கு நேர்மாறு. பார்த்தால் கண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உள்ளே நுழையும் ஒளிக்கு அது கண். முன்பக்கம் வளைந்த கண்ணாடியோ தெளிந்த பிளாஸ்டிக்கோ இருக்கும். கார்னியாவும் விழி வில்லையும் செய்கிற வேலையை அது செய்யும். கண்பாவைக்குப் பதில் ஒரு துளை. விழித்திரைக்குப் பதில், ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும் மங்கலான ஒரு பின்பரப்பு. அந்தப் பின்பரப்பைச் சற்றுத் தள்ளி வைத்தால் கிட்டப்பார்வைக் கண். முன்னே கொண்டுவந்தால் தூரப்பார்வைக் கண். அதன் அளவு குழலின் மேலேயே எழுதியிருக்கும். கருவியில் மாட்டி அளந்தால் அதே எண் காகிதத்தில் வர வேண்டும். இந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதற்கு ஐ.எஸ்.ஓ 10342 என்ற அனைத்துலகத் தரநிலையே இருக்கிறது.

இங்கே ஒரு சிறு விளக்கம். சிங்கப்பூரில் நாம் “முந்நூறு டிகிரி”, “ஐந்நூறு டிகிரி” என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்த டிகிரி கோணமும் இல்லை, வெப்பநிலையும் இல்லை. டயாப்டர் என்ற அலகை நூறால் பெருக்கிச் சொல்லும் வழக்கம், அவ்வளவுதான். 3 டயாப்டர் கிட்டப்பார்வை என்றால் 300 டிகிரி. அறிவியல் ஆசிரியரின் காதுக்கு இது கொஞ்சம் கூசும். ஆனால் ஊர் வழக்கை எதிர்த்து வகுப்பு நடத்த முடியாது என்பதால் நானும் இங்கே டிகிரி என்றே சொல்கிறேன்.

இந்தக் கறுப்புக் குழல்மீது எனக்கு அக்கறை வந்ததற்கு என் உயர்நிலை 2 மாணவி ஒருத்திதான் காரணம். புதிய கண்ணாடி போட்ட நாளிலிருந்து தலைவலி என்றாள். கடையில் அளந்தபோது வலக்கண்ணுக்கு 325 டிகிரி என்று வந்திருக்கிறது. தலைவலி நிற்காததால் அவளுடைய அம்மா கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, பிறகு அளந்திருக்கிறார்கள். 225 என்று வந்தது. முழுதாக நூறு டிகிரி வேறுபாடு. பெற்றோர் சந்திப்பு நாளில் அந்த அம்மா என்னிடம், “அந்தக் கடை மெஷின் ரிப்பேர் போல இருக்கு, டீச்சர். எத்தனை பிள்ளைங்களுக்குத் தப்பாப் பார்த்திருப்பாங்களோ!” என்று கொதித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தற்செயலாக, நானும் அதே கடையில்தான் கண்ணாடி வாங்குகிறேன். அடுத்த முறை சட்டத்தைச் சரிசெய்யப் போனபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த ஊழியர் கோபப்படவே இல்லை. இழுப்பறையைத் திறந்து கறுப்புக் குழலை எடுத்துக் கருவியில் மாட்டி என் கண்ணெதிரிலேயே அளந்து காட்டினார். குழலில் எழுதியிருந்த எண்ணும் காகிதத்தில் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. கருவியில் கோளாறு இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வந்த எண்ணோ தவறு. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கண்ணைக் கண்ணுக்கு வெளியே வைத்துப் பார்க்கும் ஆசை பழையது. விழித்திரையில் தலைகீழான பிம்பம் விழுகிறது என்று 1604இல் கெப்ளர் விளக்கினார். 1637இல் டெக்கார்ட், மாட்டின் கண்ணை எடுத்துப் பின்பக்க உறையைக் கவனமாக வெட்டி நீக்கி, அந்த இடத்தில் மெல்லிய காகிதத்தையோ முட்டை ஓட்டையோ வைத்தால் வெளியுலகம் அதில் சிறு ஓவியமாய்த் தெரியும் என்று எழுதினார். மாட்டுக் கண் ஓரிரு நாளில் கெட்டுப்போகும். அதே நூற்றாண்டைச் சேர்ந்த ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர், இரண்டு அரைக்கோளங்களை இணைத்து இடையில் நீர் நிரப்பிய கண்ணை வகுத்துக் காட்டினார். இன்றைய கறுப்புக் குழலின் முப்பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் நம் கதைக்கு முக்கியமானவர் சுவீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட். கண்ணின் ஒளியியலை ஆராய்ந்ததற்காக 1911இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர். கார்னியாவின் வளைவு 7.7 மி.மீ., கண்நீரின் ஒளிவிலகல் எண் 1.336, கண்ணின் மொத்தத் திறன் 58.64 டயாப்டர் என்று ஒவ்வொன்றாகக் கணித்து, தாளின் மேல் ஒரு ‘சராசரிக் கண்’ணை அவர் கட்டினார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு, கண் என்றால் அந்தக் கண்தான். கண்ணாடி வில்லை வடிவமைப்பவர், கருவி செய்பவர், பாடநூல் எழுதுபவர் எல்லாரும் அவருடைய எண்களிலிருந்தே தொடங்கினார்கள். பின்னால் வந்த எம்ஸ்லி அதை மேலும் எளிதாக்கி, ஒரே ஒரு வளைபரப்பும் உள்ளே நீரின் ஒளிவிலகல் எண்ணும் கொண்ட 60 டயாப்டர் கண்ணைத் தந்தார். வகுப்பறைக்கு அது வரப்பிரசாதம். மூன்றில் நான்கு என்ற எண்ணை (அதாவது 4/3ஐ) 60ஆல் வகுத்தால் 0.0222 மீட்டர். கண்ணின் நீளம் 22.2 மி.மீ. வந்துவிட்டது.

இப்போது அதே கண்ணை ஒரே ஒரு மில்லிமீட்டர் நீட்டிப் பாருங்கள். உங்கள் வங்கி அட்டையின் தடிமனைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். 4/3ஐ 0.02322ஆல் வகுத்தால் 57.4. கண்ணின் திறனோ 60. ஏறக்குறைய 260 டிகிரி கிட்டப்பார்வை. பிள்ளைகள் இந்தக் கணக்கை முதன்முறை போடும்போது வகுப்பு அமைதியாகிவிடும். தங்கள் கண் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்கள். 600 டிகிரி போட்டிருப்பவன் இரண்டரை மி.மீ. என்று கண்டுபிடித்து நிமிர்வான்.

அந்த அமைதிக்குப் பொருள் உண்டு. இங்கே தொடக்கநிலை 6 முடிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்குக் கிட்டப்பார்வை. குல்ஸ்ட்ராண்டின் கண் என் வகுப்பில் சிறுபான்மை! பாடநூலில் ‘இயல்பான கண்’ என்று வரையப்பட்டிருக்கும் அந்த வட்டமான கண்ணைச் சுட்டிக்காட்டும்போதெல்லாம், எதிரே இருக்கும் பிள்ளைகளில் பலர் கண்ணாடி வழியாகத்தான் அதைப் பார்க்கிறார்கள்.

“சராசரி என்றால் அப்படித்தான் இருக்கும், அதனால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். அதனால் என்ன என்பதற்குக் கண் அறுவைசிகிச்சையின் வரலாற்றிலேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதலாவது, ஹெரால்ட் ரிட்லி. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், 1949ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கி 1950இல் முடித்த சிகிச்சையில், கண்புரை நீக்கிய கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்த முதல் மருத்துவர். போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் இருந்ததைக் கவனித்து அதே வகைப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தவர். வில்லை கண்ணில் நிலைத்தது. ஆனால் அந்தப் பெண்ணின் பார்வையை அளந்தபோது 1,800 டிகிரி கிட்டப்பார்வையும் அதற்குமேல் 600 டிகிரி உருப்பிறழ்ச்சியும் வந்தன. மனித வில்லையின் வடிவத்தை ஒட்டிச் செய்த வில்லை, மனித வில்லையைவிட அதிகமாக ஒளியை வளைக்கும் பொருளால் ஆனது. தாளில் இருந்த கண்ணுக்கும் மேசையில் இருந்த பெண்ணின் கண்ணுக்கும் இடையே, வில்லையைப் போட்டுப் பார்க்க ஒரு கண் இல்லை. அடுத்த நோயாளிகளுக்கு வில்லையின் வளைவைக் குறைத்தார்கள். அதாவது, அந்த முதல் நோயாளியின் கண்ணே மாதிரிக் கண்ணாக இருந்துவிட்டது.

இரண்டாவது கதை இன்னும் நுட்பமானது. என் கருத்துக்கு நெருக்கமானதும்கூட. இன்று கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளை விற்பனைக்கு அனுப்புமுன் ஆய்வுக்கூடத்தில் மாதிரிக் கண்ணில் சோதிக்கிறார்கள். முன்னால் ஒரு மாதிரிக் கார்னியா, அதன் பின்னால் உப்புநீர்த் தொட்டி, தொட்டிக்குள் வில்லை. ஒரு மில்லிமீட்டரில் 100 கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட நுண்ணிய வடிவத்தை அந்த வில்லை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்று பார்ப்பார்கள். ஐ.எஸ்.ஓ 11979 தரநிலையில் இதற்கான வரம்புகள் உண்டு. பல காலம் அந்த மாதிரிக் கார்னியா ஏறத்தாழக் குறையற்ற ஒன்றாகவே செய்யப்பட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சோதிக்கும் கருவியில் குறை இருக்கக் கூடாதல்லவா?

ஆனால் மெய்யான கார்னியாவில் குறை இருக்கிறது. ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுவில் நுழையும் கதிர்களுக்கு முன்பே குவிந்துவிடும். கோளப் பிறழ்ச்சி என்று இதைப் படித்திருப்பீர்கள். இரவில் கண்பாவை விரியும்போது விளக்குகளைச் சுற்றி வட்டம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே 2000களின் தொடக்கத்தில், கார்னியாவின் பிறழ்ச்சிக்கு எதிரான பிறழ்ச்சியை வேண்டுமென்றே வில்லையில் சேர்த்துச் செய்யத் தொடங்கினார்கள். மனிதக் கண்ணில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். இதே வில்லையைக் குறையற்ற மாதிரிக் கார்னியாவின் பின்னால், துளையைப் பெரிதாக்கி வைத்துப் பாருங்கள். ஈடுசெய்ய எதிரே எதுவும் இல்லை. நல்ல வில்லை மோசமாகத் தெரியும். பழைய வில்லை அதைவிட நல்லதாகத் தெரியும். பின்னர் தரநிலையைத் திருத்தி, சராசரி மனிதக் கார்னியாவின் குறையைக் கொண்ட இன்னொரு மாதிரியையும் சேர்த்தார்கள்.

எந்தக் கண்ணை மாதிரியாக வைக்கிறோமோ அந்தக் கண்ணுக்கு மட்டும்தான் கருவியும் வில்லையும் உண்மை பேசும். இது என் கருத்தின் மையம். அதையும் தாண்டி ஒன்று கேட்கிறேன்: கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் லேசிக் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றிய சிங்கப்பூரர்கள் எத்தனையோ பேர் இப்போது கண்புரை வயதை நெருங்குகிறார்கள். லேசிக் செய்த கார்னியாவின் நடுப்பகுதி தட்டையானது. அதன் கோளப் பிறழ்ச்சி சராசரியைவிட அதிகம். அவர்கள் எந்த மாதிரிக் கண்ணில் இருக்கிறார்கள்?

சோதிக்கும் பொருளே பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஹப்பிள் தொலைநோக்கி. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது. அனுப்பிய படங்கள் மங்கல். அதன் 2.4 மீட்டர் ஆடியின் ஓரம், இருக்க வேண்டியதைவிட 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தேய்த்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். ஆடியின் வடிவத்தைச் சரிபார்க்கும் ஒளியியல் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் மாறியிருந்தது. அந்தக் கருவி சொன்னபடி ஆடியை மிகத் துல்லியமாக, தவறான வடிவத்துக்குத் தேய்த்துவிட்டார்கள். வேறு எளிய சோதனைகள் பிழையைக் காட்டத்தான் செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய் அதற்குக் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தார்கள்.

இப்போது என் மாணவியின் 325க்கு வருவோம். அந்தக் கடையில் சோதிக்கும் பொருள் பிசகவில்லை. குழல் சரி, கருவியும் சரி. பிறகு எங்கே பிழை?

பலூனில். கருவிக்குள் இருக்கும் அந்தப் படம் தொலைவில் இருப்பதுபோல ஒளியியல் ரீதியாக அமைக்கப்பட்டது. அளக்கும் முன் அதை வேண்டுமென்றே மங்கலாக்குவார்கள். மங்கலான ஒன்றை வில்லையைத் தடிக்கவைத்துத் தெளிவாக்க முடியாது என்பதால் கண் தளர்ந்து ஓய்வெடுக்கும், அந்த நொடியில் அளக்கலாம் என்பது ஏற்பாடு. பலூன் மங்கித் தெளிவதன் காரணம் இதுதான். ஐம்பது வயதுக் கண் இதற்கு எளிதில் கட்டுப்படும், ஏனென்றால் அதன் வில்லை ஏற்கெனவே இறுகிவிட்டது. பதினான்கு வயதுக் கண் அப்படியல்ல. அதன் வில்லை நினைத்தால் 10 டயாப்டருக்குமேல் தன் திறனைக் கூட்டிக்கொள்ளும். முகத்தருகே ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குள்தான் பார்க்கிறோம் என்று மூளைக்குத் தெரியும். பலூனை ‘நன்றாகப் பார்க்க’ வேண்டும் என்று பிள்ளை முயலும். வில்லை சற்றுத் தடிக்கும். அந்தத் தடிப்பையும் சேர்த்தே கருவி அளக்கும். இல்லாத கிட்டப்பார்வை எண்ணில் ஏறிக்கொள்ளும். சொட்டு மருந்து, வில்லையை இயக்கும் தசையைத் தளர்த்தி இந்த முயற்சியை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் மருத்துவமனையில் 225.

கறுப்புக் குழலோ பலூனைப் பார்ப்பதில்லை. அதற்கு ஆர்வமில்லை, பயமில்லை, தேர்வு முடிந்த களைப்பில்லை. காலையிலும் மாலையிலும் ஒரே எண்ணைச் சொல்லும். இந்த மாறாத்தன்மைக்காகத்தான் அதைச் செய்தார்கள். மனிதக் கண்ணை வைத்துக் கருவியைச் சரிபார்க்க முடியாது, ஏனென்றால் அடுத்தடுத்து அளந்தாலே அது 25 டிகிரி ஏறி இறங்கும். ஆக, குழலின் பலம் எதுவோ அதுவே அதன் எல்லையும். கருவி சரியாக இருக்கிறதா என்று மட்டும் அது சொல்லும். உங்கள் பிள்ளைக்கு வந்த எண் சரியா என்று சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. கருவி கண்ணுக்குள் அனுப்புவது அகச்சிவப்பு ஒளி. நாம் பார்ப்பதோ கண்ணுக்குத் தெரியும் ஒளியால். இரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அந்த வேறுபாட்டைக் கருவியின் கணினி கழித்துக்கொள்கிறது. மெய்க்கண்ணுக்கான அந்தத் திருத்தம் கண்ணாடிக் கண்ணுக்கு அப்படியே பொருந்தாது. எனவே ஒரு நிறுவனத்தின் குழலை இன்னொரு நிறுவனத்தின் கருவியில் மாட்டிப் பார்த்துவிட்டு, எண் மாறுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

அப்படியானால் என்னதான் கேட்கலாம்? பிள்ளையோடு கடைக்குப் போகும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தக் கருவியை மாதிரிக் கண் வைத்துக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பது ஒன்று. நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். எனக்குக் காட்டியவர் சுளிக்கவில்லை. இன்னொன்று, கருவி சொன்ன எண்ணை அப்படியே கண்ணாடியாக்கப் போகிறீர்களா, அல்லது எழுத்துப் பலகையைப் படிக்கவைத்து வில்லையை மாற்றி மாற்றிப் பார்ப்பீர்களா என்பது. கருவியின் எண் தொடக்கம்தான் என்று நல்ல பரிசோதகர்கள் எல்லாருக்கும் தெரியும். நேரமில்லாத சனிக்கிழமை மாலையில்தான் அது முடிவாகிவிடுகிறது. சிறு பிள்ளையின் எண் திடீரென்று ஏறினாலோ, கண்ணாடி போட்டதும் தலைவலி வந்தாலோ, சொட்டு மருந்து விட்டு அளக்கவேண்டுமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

இவை பெற்றோருக்கு. மாதிரிக் கண்ணைச் செய்பவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. கிட்டப்பார்வைக் கண் என்பது பின்சுவரைத் தள்ளிவைத்த சாதாரணக் கண் அல்ல. அது நீளும்போது விழித்திரையின் வளைவும் மாறுகிறது. நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி. இப்போது கிட்டப்பார்வை ஏறுவதைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடிகள் வந்திருக்கின்றன. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான வகையில், நடுப்பகுதி வழக்கமான வில்லை. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான நுண்வில்லைகள். ஹாங்காங் பிள்ளைகளிடம் இரண்டாண்டு நடந்த சோதனையில் கிட்டப்பார்வை ஏறும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த நுண்வில்லைகள் வேலை செய்வது விழித்திரையின் நடுவில் அல்ல, ஓரத்தில். தட்டையான பின்சுவர் கொண்ட மாதிரிக் கண்ணால் அங்கே என்ன நடக்கிறது என்று காட்டவே முடியாது. பெற்றோர் நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் பொருள் இது. அடுத்தடுத்து வரப்போகும் வகைகளைப் பிள்ளைகளின் கண்ணில் போட்டுப் பார்க்கும் முன், பிள்ளைகளின் கண் போலவே வளைந்த ஒன்றில் போட்டுப் பார்ப்பதுதானே முறை?

அதற்கு வேண்டிய அளவுகள் எங்கோ இல்லை. 1999இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளின் கண் நீளத்தை ஆண்டுதோறும் அளந்தார்கள். குல்ஸ்ட்ராண்டுக்குக் கிடைக்காத செல்வம் அது. எட்டு வயதுச் சிங்கப்பூர்க் கண், பன்னிரண்டு வயதுக் கண், 800 டிகிரிக் கண் என்று ஒரு பெட்டி நிறைய மாதிரிக் கண்கள் இங்கேயே உருவாக வேண்டும் என்பது என் விருப்பம். மருத்துவர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள், “பள்ளி ஆசிரியர் சொல்லித்தான் செய்யவேண்டுமா?” என்று அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பள்ளி ஆசிரியர் செய்யக்கூடியது சிறியது. இந்த ஆண்டு நான் உருண்டைக் குடுவையையும் பாடநூல் படத்தையும் ஓரங்கட்டிவிட்டேன். அட்டைக் குழல் ஒன்று, 100 மி.மீ. குவியத் தூரமுள்ள குவிவில்லை ஒன்று, உள்ளே முன்னும் பின்னும் நகரும் இன்னொரு குழலின் வாயில் ஒட்டிய மெழுகுத்தாள். இது 10 டயாப்டர் கண். தாள் 100 மி.மீட்டரில் இருந்தால் எதிர்ப் புளோக்கின் சன்னல்கள் தலைகீழாகத் தெளிவாகத் தெரியும். 125 மி.மீட்டரில் அது 200 டிகிரிக் கண். 143இல் 300 டிகிரி. ஒவ்வொருவரும் தங்கள் டிகிரிக்கு ஏற்பத் தாளை நகர்த்தினார்கள். சன்னல்கள் கரைந்து போயின. பிறகு தங்கள் கண்ணாடியைக் கழற்றிக் குழலின் முன் பிடித்தார்கள். சன்னல்கள் திரும்பி வந்தன. கண்ணாடியில்லாமல் அவர்களும், கண்ணாடியோடு அவர்களின் அட்டைக் கண்ணும்.

அந்த மாணவி 225க்குத் தாளை 129 மி.மீட்டரில் நிறுத்தினாள். புதிய கண்ணாடியைப் பிடித்தாள், தெளிவு. பையிலிருந்து பழைய 325ஐ எடுத்துப் பிடித்தாள், மங்கல். தாளை 148 வரை தள்ளிய பிறகுதான் தெளிந்தது.

“ஆனா நான் போட்டிருந்தப்ப தெளிவாத்தானே தெரிஞ்சுது, டீச்சர்?”

“தெளிவாக்கினது யாரு?” என்றேன்.

குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நெற்றியைத் தொட்டுக்கொண்டு, “அதான் வலிச்சுதா?” என்றாள்.